சொந்த அக்கா குடியிருக்கும் தெரு

தொலைக்காட்சியில் என் தம்பி கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரை நான் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுவர் மறுபடியும் உப்புப் பூத்திருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரல் பட்டால் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளை மாவாகக் கொட்டும். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, வாரி எடுத்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால் சில வாரங்களுக்கு நிம்மதி. பிறகு மறுபடி பூக்கும். கடல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பது மற்றவர்கள் கணக்கு. தரைக்கு அடியில் அது எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது என்பது என் வீட்டுக்காரர் கணக்கு.

அவர் துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'அலைக்கணக்கு' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடல் பொங்குகிற நாளில் மட்டும் நனைந்த ஒரு படிக்கட்டு, அவர் ஓய்வு பெறும்போது சாதாரண நாளிலேயே நனைந்துகொண்டிருந்ததாம். இந்தப் படிக்கட்டுக் கதையை அவர் சொல்லிக் கேட்காதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. முடிதிருத்துகிறவர்கூட அவர் தலையில் கை வைத்ததும், "படிக்கட்டு எப்படி இருக்கு சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

என் தம்பிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சின்ன வயதில் சமையலறைக் கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பான். அதனால் வீட்டில் அவன் மைக். அந்தக் கரண்டி இப்போது உண்மையான மைக்காகிவிட்டது. எண்ணெய் நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி. எங்கள் கரையோரமாக இருக்கும் எண்ணெய்க் கிடங்கை அந்த நிறுவனம் பெரிதாக்கப்போகிறது. கூடாது என்று ஒரு கூட்டம், வேண்டும் என்று ஒரு கூட்டம். வாரத்தில் பாதி நாள் தொலைக்காட்சியில் இதே விவாதம்தான் ஓடியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பேராசிரியை உட்கார்ந்து, எரிபொருள் புகையால் பூமி சூடாவதையும் கடல் ஏறுவதையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். என் தம்பி குறுக்கே பேசவே மாட்டான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருத்துவர் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் ஆரம்பிப்பான்.

"பூமி சூடாகலைன்னு நாங்க சொல்லல மேடம். எவ்வளவு, எதனால, யாரால, இதுலதான் இன்னும் தெளிவு இல்லைன்னு சொல்றோம். இன்னும் ஆராய்ச்சி வேணும். அது வரைக்கும் மக்கள் அடுப்பையும் வண்டியையும் நிறுத்தி வைக்க முடியுமா?"

"ஆராய்ச்சி வேணுமாம். இங்க வந்து சுவத்தை நக்கிப் பாக்கச் சொல்லு உன் தம்பியை," என்றார் என் வீட்டுக்காரர், நாற்காலியின் விளிம்புக்கு வந்து. அவன் தொலைக்காட்சியில் வரும் நாளிலெல்லாம் அவன் எனக்கு மட்டும்தான் தம்பி.

அன்று அவன் புதிதாக ஒன்று சொன்னான். சிரித்துக்கொண்டே, மேசை மேல் கையைக் கோத்துக்கொண்டு சொன்னான்.

"பயமுறுத்துறாங்களே அந்தக் கரையோரத் தெரு, அங்கதான் என் சொந்த அக்கா குடியிருக்காங்க. ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, முதல்ல என் அக்காவை அங்கேயிருந்து கூட்டிட்டு வர மாட்டேனா?"

அரங்கத்தில் கை தட்டினார்கள். நான் கையில் கத்தியோடு அப்படியே நின்றேன். அந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. என் மூட்டுவலிக்கு என்ன மருந்து என்று தெரியாதவன், என்னை ஊருக்கே ஆதாரமாகக் காட்டிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சுவரில் செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன்.

மறுநாள் ரொட்டிக் கடையில் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரர் மட்டும், "நீங்க இருக்கிற தைரியத்துலதான் நாங்களும் இருக்கோம்" என்று சொல்லி, யாரும் சிரிக்காததால் தானே சிரித்தார். அன்று மாலையே டீச்சர் வந்தார். பின்தெருவில் இருக்கிறவர். கிடங்குக்கு எதிரான குழுவை நடத்துகிறவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்.

"கருத்துக் கேட்புக் கூட்டத்துல நீங்க பேசணும் சார். புத்தகத்துல படிச்சவங்க பேசி ஆச்சு. கண்ணால பாத்தவர் நீங்க ஒருத்தர்தான்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கே பீரோவிலிருந்து கறுப்புச் சட்டையை எடுத்துக் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று படிக்கட்டைப் பற்றிப் பேசிப் பழகினார். அவர் குரல் அறைக்குள்ளிருந்து கேட்கும்போது, சொன்னால் சொல்லட்டும், என் தம்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொல்லட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். நான் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

"கோபமா இருக்கேன்னு தெரியும்க்கா. ஆனா அந்த ஒரு வார்த்தையால உனக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. உன் வீட்டுக்கு ஆள் கிடைச்சிருக்கு."

இந்த வீட்டை விற்றுவிட்டு மேட்டுப் பக்கமாகப் போய்விட வேண்டும் என்று நாங்கள் எத்தனையோ நாளாக நாயாய் அலைகிறோம். எங்களுக்கு வேறு சொத்து எதுவும் இல்லை. வந்து பார்த்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று போனார்கள். ஒருவரும் பண்ணவில்லை. இப்போது தம்பியின் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஓர் இளம் கணக்காளர், விவாதத்தைப் பார்த்துவிட்டு, "சாரோட சொந்த அக்காவே அங்க இருக்காங்கன்னா எனக்கு என்ன பயம்?" என்று அவனைத் தேடி வந்து கேட்டிருக்கிறார். வீட்டுக்காக வங்கியில் கடன்கூடத் தயாராம்.

"கூட்டம் முடிஞ்ச மறுநாள் வந்து பாக்குறாங்க. ஆனா ஒண்ணுக்கா. மாமா அங்க எழுந்து நின்னு படிக்கட்டு, உப்புன்னு பேசினா அன்னிக்கே எல்லா சேனல்லயும் வந்துடும். அப்புறம் இந்தத் தெருவுல ஒரு வீட்டை ஒருத்தனும் சும்மா கொடுத்தாக்கூட வாங்க மாட்டான்."

செய்தித்தாள் அசையவில்லை. நான் தம்பியைக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. கடல் வராதுன்னு நீ நம்புறியா?"

அவன் எழுந்து தொலைக்காட்சிக்குப் பின்னால் போய் நின்றான். நகத்தால் சுவரை லேசாகக் கீறினான். விரலில் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நம்பினா உன் வீட்டை விக்க ஆள் பிடிச்சுக் கொடுப்பேனாக்கா?"

அவன் கிளம்பிப் போனான். அவன் சொன்னதில் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யார் அந்தக் கணக்காளர், எப்போது பத்திரப்பதிவு, மேட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்றுதான் மனசு ஓடியது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் ஓடியது.

"என்னங்க, வீடு கைமாறுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. நான் தடுக்கவே மாட்டேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார்.

"இதைத்தானே கம்பெனிக்காரங்களும் சொல்றாங்க. அப்புறம், அப்புறம்னு."

"அவங்களும் நாமளும் ஒண்ணா? அவங்களுக்கு ஊர் ஊரா கட்டடம் இருக்கு. நமக்கு இந்த ஒரு கூரைதான். தண்ணி உள்ள வரும்போது உங்க படிக்கட்டு மேலயா போய் உக்காரப்போறோம்?"

"வாங்குறவங்க?"

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பெயிண்ட் அடிப்பவரை நான்தான் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்ததும் அவர், "இது நிக்காதும்மா, மேல பூசுறது பூசினதுதான்" என்றார். எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். ஈரம் பொறுத்தது என்றார். அடிக்கச் சொன்னேன்.

கூட்டத்துக்கு ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். ஒரு பக்கம் நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. வேலை போய்விடும் என்று அவர்களுக்கு உண்மையாகவே பயம், அதைக் குறை சொல்ல முடியாது. மறுபக்கம் எங்கள் தெருக்காரர்கள். நடுவில் பாதை. மின்விசிறிகள் சூட்டைத்தான் கிண்டிக்கொண்டிருந்தன. அத்தனை புழுக்கத்தில், பூமி சூடாகிறதா இல்லையா என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கத்தினார்கள். ஓர் அம்மாள் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் காற்றாட உட்காரவைத்துவிட்டு வந்து மறுபடியும் கத்தினார்கள்.

டீச்சர் மைக்கைப் பிடித்து, "பூசி மெழுகாம பேசுற ஒருத்தரைக் கூப்பிடுறேன்" என்றார். என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டையில் எழுந்து போனார். முன்வரிசையில் தம்பியின் பிடரி தெரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மைக்கை ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

"நான் அளந்தவன்தான். தண்ணி மட்டம் ஏறியிருக்கு. அது உண்மை."

எங்கள் பக்கம் கை தட்டல் எழுந்தது. அது அடங்குகிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

"ஆனா அது எதனால, இனிமே எவ்வளவு ஏறும்னு உறுதியா சொல்ற அளவுக்கு நான் படிச்சவன் இல்லை. இன்னும் ஆராய்ச்சி வேணும்."

தொப்பிக்காரர்கள் பக்கம் விசில் பறந்தது. டீச்சர் மைக்கை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் நடுப்பாதையில் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் முழங்கால் மேல் கையை வைத்தேன், அவர் மெதுவாக எடுத்துவிட்டார். முன்வரிசையில் எல்லாரும் கை தட்டினார்கள். தம்பி மட்டும் தட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வரும்போது டீச்சர் எதிரில் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்டைப் பாக்க ஆள் வருதாமே. நல்லபடியா முடிஞ்சா உங்க தம்பிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. எங்க வீட்டுச் சுவரும் உப்புதான்."

குத்திக்காட்டினாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்றைய விவாதத்தில் தம்பி, "அளந்தவரே சொல்லிட்டார், நாங்க சொல்லல" என்று ஆரம்பித்ததும் நான் தொலைக்காட்சியை அணைத்தேன். இந்த முறை என் வீட்டுக்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வரவில்லை. அணைத்த பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் ஓர் இடத்தில் லேசாக ஊதியிருந்தது. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கணக்காளரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். இரண்டும் பால் வடிகிற முகம். அவர்கள் கூடத்துக்குள் வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் எழுந்து போய், அந்த ஊதிய இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். துவைத்துக் காயவைத்த அதே கறுப்புச் சட்டை. நான் அவரிடம் சொல்லவில்லை. அவராகத்தான் போய் நின்றார்.

அந்தப் பெண் தையல் வேலை செய்கிறவளாம். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள்.

"என் மெஷினை இந்தச் சுவரோரமா போட்டுக்கலாம். சார், நீங்க உக்காருங்களேன், எங்களுக்காக நின்னுட்டே இருக்கீங்க."

"பரவாயில்லைம்மா."

"நேத்து உங்களை டிவியில பாத்தோம். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது பெரிய மனசு. இவர் அப்பவே சொல்லிட்டார், இந்த வீடுதான்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏம்மா இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டுப் போறீங்க?"

"மூட்டுவலிம்மா. கடல்காத்து ஒத்துக்கல," என்றேன். எழுதி வைத்து வாசித்த மாதிரி சரளமாக வந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்தவன் எனக்குத் தம்பிதானே.

முன்பணம் தர நாள் குறித்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்ப அவர் சுவரை விட்டு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. கேட்டைத் திறக்க அவர் திரும்பியபோதுதான் நானும் பார்த்தேன். கறுப்புச் சட்டையின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

"சார், கொஞ்சம் நில்லுங்க. சட்டையெல்லாம் சுண்ணாம்பு."

அவர் நின்றார். அந்தப் பெண் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தட்டிவிடுகிற மாதிரி அவர் முதுகைத் தட்டினாள். போகவில்லை. இன்னும் இரண்டு முறை தட்டித் துடைத்தாள். அவர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து, அவள் துடைத்து முடிக்கிறவரைக்கும் நின்றுகொண்டிருந்தார். அவள் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தெரு திரும்புகிற இடத்தில் எங்கள் வீட்டை இன்னொரு முறை திரும்பிப் பார்த்து, இன்னும் வெள்ளை ஒட்டியிருந்த அந்தக் கையைத் தூக்கி ஆட்டினாள்.