லாக்கருக்குப் போகாத செல்பேசி

அன்று முற்பகல் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையின் அலுவலக அறையில் இருந்தவர்கள் நால்வர்: கடை முதலாளி பொன்னுச்சாமி, மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த முத்துமாரியம்மாள், சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் என் பேத்தி சுவாதி, வீட்டுப் பெரியவன் என்று பாலவனத்தத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ராமசுப்புவாகிய நான்.

சுவாதிக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் தமிழ் எழுத்தாகக் காட்டும் செயலி அவள் செல்பேசியில் உண்டு. அதைப் படித்துத்தான் சேலை எடுத்துப் போடுவாள். மற்றப் பெண்கள் காலையில் செல்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இவளுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் சொந்தக் கடை நடத்திய குடும்பம். அவள் இன்னொருவர் கடையில் நிற்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். சேலை எடுக்கப் பெண் வீட்டாரும் வந்திருந்தார்கள். காது கேளாத பெண்தானே என்று, சுவாதியின் முன்னால் முத்துமாரியம்மாள் தன் தங்கையிடம் மணப்பெண்ணின் தாயாரைப் பற்றிக் கண்டபடி பேசியிருக்கிறார். பேசியதெல்லாம் செல்பேசியில் பெரிய எழுத்தில் ஓடியிருக்கிறது. மணப்பெண்ணின் தாயார் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அவர் பார்க்கவில்லை; முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டார்.

"கேக்காத புள்ளன்னு நம்பித்தான பேசுனோம்! டேப்பு பண்ணி வச்சிருக்காளே!" என்றார் முத்துமாரியம்மாள்.

பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நாளையில இருந்து இவ போனும் லாக்கருக்குப் போகணும். இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருங்க."

சுவாதி மேசைமேல் இருந்த செல்பேசியில் அதைப் படித்தாள்.

"இதுல குரலு பதியாது பெரியம்மா. எழுத்து வரும், போயிரும். தேடிப் பாருங்க. மத்த புள்ளைகளுக்குக் காதுல விழுந்துருக்கும், எனக்குக் கண்ணுல விழுந்துச்சு. அவளுக காதையும் லாக்கர்ல வைக்கச் சொல்லுவீகளா முதலாளி?"

"கடைக்குன்னு ஒரு சட்டம் இருக்குல்ல?"

"போனு இல்லைன்னா யாரு என்ன கேக்குறாகன்னு எனக்குத் தெரியாது. வாசல்ல சேலை கட்டி நிப்பாட்டியிருக்கீகளே பொம்மை, அதுக்குப் பக்கத்துல என்னையும் நிப்பாட்டிக்கிருங்க."

நான் எழுந்தேன். "வா சுவாதி, போவோம். நம்ம வீட்டுப் புள்ளைக்கு ஒட்டுக்கேட்ட பட்டம் குடுக்குற கடை நமக்கு வேணாம்."

அவள் படித்தாள். எழவில்லை.

"நீங்க போங்க தாத்தா. இப்ப வந்தா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிரும்."

என் சொல்லுக்கு வீட்டில் யாரும் அப்படி மறுமொழி சொன்னதில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

முத்துமாரியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஏத்தா, சம்பந்தி அவுககிட்ட சொல்லிற மாட்டேல்ல?"

"சொல்லணும்னா அப்பவே சொல்லியிருப்பேன். அரக்குக் கலரு வேணுமா வேணாமா? அதச் சொல்லுங்க."

"எடுத்துப் போடுத்தா. பச்சைக் கரையும் காட்டு."

பொன்னுச்சாமி செல்பேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் சேலைப் பிரிவுக்குப் போனாள். முத்துமாரியம்மாள் பின்னாலேயே போனார். இன்று வரை அந்தச் செல்பேசி லாக்கருக்குப் போகவில்லை.

நான் முதலாளியிடம் எடுத்துச் சொன்னதால்தான் அவள் வேலை நிலைத்தது என்று பாலவனத்தத்தில் பேசுகிறார்கள். தவறு. நான் அன்று வேலையை விடத்தான் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள்.