சரிவில் ஒரு சமையற்கட்டு

என் மனைவி அமலிக்கு ஐம்பத்தெட்டு வயதில் வேலைக்குப் போக ஆசை வந்தது. அதற்கு முன் முப்பது வருஷம் ஏற்காட்டில் ஒரு விடுதியில் சமைத்தாள். அதை அவள் வேலையில் சேர்ப்பதில்லை. அந்தச் சமையற்கட்டுக்குச் சன்னல் கிடையாது. இருட்டில் ஒரு காட்டெருமை மூன்று மாதம் அடுப்போரம் நின்றிருக்கிறது. புது ஆள் என்று நினைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லியிருக்கிறாள். நன்றாகவே உரித்ததாம்.

சன்னல் வைத்த சமையற்கட்டு ஒன்றைத் தன் கையால் வரைய வேண்டும், அதை யாராவது கட்ட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு. சனி, ஞாயிறு பஸ் பிடித்துச் சேலம் போய்க் கட்டிட வரைபடம் படித்தாள். தேறினால் ஓர் இன்ஜினியர் ஆபீசில் வரைகிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கடைசித் தேர்வுக்குச் சமதள மனையில் ஒரு வீடு வரைய வேண்டும். பாடம் நடத்தும் ஆஷ்லின் அமலியின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாசக்கதவு மாடியில இருக்கேம்மா. பறந்து போறதா?”

“ரோட்டுல இருந்து நேரா உள்ள போறதுதானுங்க மிஸ். அப்புறம் படியெறங்குனா சமையக்கட்டு.”

“ரோடு கீழ இருக்கே!”

“அப்ப ரோட்டத்தானுங்க மாத்திப் போட்டிருக்காங்க.”

எங்கள் மலையில் பாதி வீடுகள் அப்படித்தான். ரோடு மேலே, வீடு சரிவில் கீழே.

திருத்த ஒரு வாரம் கொடுத்தார். அமலி வீட்டைத் தரைக்கு இறக்கினாள். சன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் வந்து நின்றது. அழித்தாள். மறுபடி வரைந்தாள். அழித்து அழித்துத் தாள் வழியாக மேஜை தெரிந்தது.

“ஏனுங்க, செவுத்தப் பாத்துக்கிட்டா கொழம்பு கிண்டறது?”

“முப்பது வருசம் கிண்டுனியே.”

“அதனாலதானுங்க கேக்கறேன்.”

சனிக்கிழமை பழைய படத்தையே கொடுத்தாள். வீட்டுக்கு அடியில் மட்டும் புதிதாக ஒரு மலைச்சரிவு. ஆஷ்லின் அந்தச் சன்னலை வெகுநேரம் பார்த்தார். அதன் வழியே மூடுபனி வந்து அவர் மூக்குக்கண்ணாடி நனைந்ததை நானே பார்த்தேன்.

“ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா கேட்டது சமதளம். பாஸ் போட முடியாது. அடுத்த வருஷம் எழுதுங்க.”

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். சுருட்டிய தாள் மடியில்.

“சரிவுல எங்கியாச்சும் காலி எடம் கெடக்குதான்னு பாருங்க.”

ஒரு கொண்டை ஊசி வளைவில் கிடந்தது. எல்லைக்கல் நட்டு, புல் மண்டி, கீழே சேலம் முழுக்க விரிந்து.

“அந்த எடத்துல…” என்று ஆரம்பித்தாள். பஸ் திரும்பிவிட்டது.

அவள் கழுத்து திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், செவ்வாய்க்கிழமை வரை, முகம் அந்த இடத்துப் பக்கமே பார்த்தபடி இருந்தது.