ஜனீனின் பவளம், நெரிடாவின் பாசி

1

இந்தக் கதை என் வாய்க்குள் பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அப்படி. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் நான் பல் காட்டப் போகும் இடத்தில் பல்லில் படியும் காரையைச் சுரண்டுபவள் நெரிடா. ஐம்பத்து நாலு வயது, கெட்டியான முன்கை. சுரண்டிக்கொண்டே பேசுவாள். முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்து படுத்திருந்த என்னால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. அதனால் இந்தக் கதையில் ஓட்டைகள் உண்டு. சிலவற்றை நானே அடைத்திருக்கிறேன். அடைத்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரிக்கு இரண்டு முறை முயன்றேன்.

கடல் ஒரு வீட்டுக் கூடத்துக்குள் வந்து— (வேண்டாம். கவிதை வாசனை.)

ஜனீன் இறந்து நாலு வருஷம் கழித்து— (ஜனீனில் ஆரம்பித்தால் நெரிடா இரண்டாவது ஆளாகிவிடுவாள். அந்த வீட்டில் ஏற்கெனவே அவள் அப்படித்தான் உணர்ந்துகொண்டிருந்தாள். கதையிலுமா?)

2

நெரிடா ஏப்ரலில் கெல்வினின் வீட்டுக்குக் குடிவந்தாள். அவன் பக்கத்துத் தீவுக்குப் போய்வரும் படகில் வேலை பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் அவளுக்குப் பிடித்த மாதிரி முட்டை பொரிப்பான். இருவரும் ஒன்றாக இருப்பது என்று முடிவெடுக்க அதுவே பாதிக் காரணம் என்றாள்.

கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஓர் உப்புநீர்த் தொட்டி. அது ஜனீன் வைத்தது. ஜனீன் கெல்வினின் மனைவி, புற்றுநோயில் போனவள். தொட்டியின் நடுவில் உயிருள்ள சுத்தியல் பவளம் ஒன்று. நீரோட்டத்தில் ஆடும் அதன் விரல் போன்ற இழை ஒவ்வொன்றின் நுனியும் குட்டிச் சுத்தியல் போலிருக்கும். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்து ஏழு தலை விடும்வரை ஜனீன் வளர்த்தது.

ஜூலைக்குள் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி, தலைமுடி மாதிரி. பாறை தெரியவில்லை. பவளத்தின் ஏழு தலைகளில் இரண்டு சுருங்கி, வெள்ளை எலும்பு தெரிந்தது.

“கெல், இதைக் கொஞ்சம் பாரேன்.”

“விட்டுடு நெரி. அது பாட்டுக்குப் போவட்டும்.”

“செத்துட்டிருக்குய்யா.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

(இந்த இடம்வரை கெல்வினை எனக்குப் பிடிக்கவில்லை. அவனைக் கல்நெஞ்சுக்காரனாக எழுதிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். முட்டை பொரிப்பது இடித்தது.)

நெரிடாவுக்குப் புரிந்தது ஒன்றுதான். ஜனீனின் பொருளை இவள் தொடக்கூடாது. ஆனால் அவளைத் தூங்கவிடாத கணக்கு வேறு. ஜனீன் போன பிறகும் நாலு வருஷம் உயிரோடு இருந்த பவளம் இவள் வந்த வருஷம் செத்துப்போனால், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அது இவள் தலையில்தான் விடியும்.

3

மீன்கடையில் விசாரித்தாள். வளர்ப்பு மீன் விற்கும் கடை, சாப்பிடுகிற மீன் இல்லை. கடைக்காரர் சொன்னார்:*

“மீனு கழிக்குற அழுக்கு, மிச்சத் தீனி, இதைத் தின்னத்தான் பாசி வருது. வராதேன்னா கேக்காது. அதுக்குன்னு தனியா ஒரு எடம் போட்டுக் குடுத்துருங்க. அங்க நல்லாத் தின்னு கொழுக்கட்டும். வாராவாரம் நீங்க வழிச்சு எறிங்க. தொட்டிக்குள்ள இருக்கிற பாசி பட்டினி கெடந்து தானா ஒழியும்.”

* இவ்வளவு கோர்வையாகச் சொல்லியிருக்க மாட்டார். இது நான் அடைத்த ஓட்டை.

இந்தத் தனி இடத்தை ஆல்ஜி ஸ்க்ரப்பர் என்பார்கள். நான் பாசித் தட்டி என்று எழுதப் போகிறேன். அவள் செய்தது இவ்வளவுதான். பூத்தையலுக்கு விற்கும் பிளாஸ்டிக் வலை ஒன்று வாங்கி, இருபக்கமும் கம்பிப் பிரஷால் முள் எழும்வரை உரசினாள். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டுப் பெட்டியில் செங்குத்தாகத் தொங்கவிட்டாள். கீறிய குழாய் ஒன்றிலிருந்து தண்ணீர் அதன்மேல் மெல்லிய திரையாக வழிய, பக்கத்தில் செடிக்குப் போடும் சிவப்பு விளக்கு. எல்லாம் கெல்வின் படகில் இருக்கும் பகல் நேரங்களில்.

முதல் மூன்று வாரம் தட்டியில் பழுப்புக் கொழகொழப்புதான். ஆறாவது வாரம் பச்சை பிடித்தது. சனிக்கிழமை தோறும் தட்டியைக் கழற்றிச் சமையலறைத் தொட்டியில் வைத்துச் சுரண்டினாள், அடியில் கொஞ்சம் வேர் விட்டு. பல் சுரண்டிப் பழகிய கைக்கு எவ்வளவு விடவேண்டும் என்று தெரியும். வீடெல்லாம் கடல் வற்றிய நேரத்து நாற்றம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத் தோலால் சமையலறைத் தொட்டியைத் தேய்த்தாள், கள்ளத்தனம் பண்ணியவள் மாதிரி.

(இங்கே பாசியைத் துக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. அடித்துவிட்டேன். பாசி பாசிதான்.)

4

பதினோராவது வாரம். பாறையின் பாசி வெளிறி, இழை இழையாகக் கழன்றது. ஆனால் பவளத்தில் நாலு தலை போய்விட்டது. மூன்றுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை காற்று மிஞ்சிப்போய்ப் படகை நிறுத்திவிட்டார்கள். பகல் பதினொன்றுக்கே வந்து நின்றான் கெல்வின். அவள் முழங்கைவரை பச்சை.

“என்ன அது?”

மறைக்க வழியில்லை. “உன் தொட்டிக்குத்தான். மூணு மாசமாப் பண்றேன். நான் தொட்டது தப்புன்னா இப்பவே சொல்லிடு. கழட்டிடறேன்.”

அவன் கூடத்துக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நான்தான் விட்டேன் நெரி.”

“எதை?”

“தண்ணி மாத்தறதை, வடிகட்டி கழுவறதை. நீ வந்த அன்னிலேர்ந்து. உன் கண்ணெதிர்ல நின்னு இன்னொருத்தியோட பவளத்தைக் கொஞ்சிக்கிட்டிருக்கறது உனக்கு மரியாதை இல்லன்னு தோணுச்சு. தூக்கிக் குடுக்கவும் மனசு வரல. தானாப் போயிட்டா...”

“தானாவா? சாவட்டும்னு விட்டியா? எனக்காகவா?”

“ஆமா.”

“அடப் பாவி மனுஷா! அது என்னய்யா பண்ணுச்சு உனக்கு? வாயில்லாத ஒண்ணு. நான் வந்ததுக்கு அது சாவணுமா?” கையிலிருந்த பாசியைச் சமையலறைத் தொட்டியில் ஓங்கி அடித்தாள். “நாலு தலை போச்சு கெல். நாலு! கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, இருக்கட்டும்னு.”

“நீ கேட்டிருக்கலாம்ல?”

“நீதான் விட்டுடு விட்டுடுன்னு வெரட்டினியே!”

அவனுக்கு முகம் சுருங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். அவளுக்கும் அப்படியே தொற்றிக்கொண்டது.

5

இப்போது முடிவு. கைவசம் இரண்டு இருந்தன.

ஒன்று: மூன்று தலைகளும் பிழைக்காமல் போக, இருவரும் சேர்ந்து புதிய பவளம் வாங்குகிறார்கள். (நியாயமானது. மனசு கேட்கவில்லை.)

இரண்டு: செத்த நாலு தலைகளும் மறுபடி முளைக்கின்றன. (பொய். எலும்பு எலும்புதான்.)

நெரிடா சொன்னதை எழுதிவிடுகிறேன். மூன்று தலைகள் பிழைத்தன. அந்தச் சனிக்கிழமையே கெல்வின் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, சுரண்டியைக் கேட்டான். அவள் கொடுத்தாள். “அழுத்தாதே, வேரோட வந்துடும்,” என்றாள். இருவரும் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து தட்டியைத் திரும்ப மாட்டினார்கள். மேலே அந்த மூன்று தலைகளும் முழுக்க விரிந்து ஆடிக்கொண்டிருந்தன.

அப்போது நெரிடா, ஆறு மாதத்தில் முதல் முறையாக, கேட்டாள்:

“ஜனீன் எப்படி இருப்பா, கெல்?”

அவன் பேச ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினான் என்றாள். என்ன பேசினான் என்று மட்டும் அவள் என்னிடம் சொல்லவில்லை. இந்த ஓட்டையை நான் அடைக்கப் போவதில்லை. ஜனீனை நான் பார்த்ததில்லை, நீங்களும்தான். ஆனால் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், யாரும் கேட்காததால் பேசாமல் இருக்கக்கூடும். கேட்டுவிட்டு வந்து, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.