கழிஞ்ஞு

வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு தடவை எங்கள் வண்டி நின்ற நிற்பில், டிரைவர் குப்பண்ணன் முன்டயருக்குப் பக்கத்தில் ஒரு பூசணி விதையை ஊன்றினார். கொடி ஓடி, பூ விட்டு, காய் பிடித்து, அதைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. அதுவும் ஒரு வண்டி நீளம். இன்னொரு தடவை பெர்மிட்டை வீட்டில் மறந்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். அதிகாரி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, முகூர்த்த நேரம் தாண்டிவிட்டது என்று அபராதம் போட்டார்.

நான் ஆறுமுகசாமி. வேலந்தாவளத்தில் மூன்று லாரிகள் ஓட்டினேன். எங்கள் ஊரில் நின்று கிழக்கே துப்பினால் தமிழ்நாடு, மேற்கே துப்பினால் கேரளா. துப்பலுக்கு மட்டும்தான் பெர்மிட் கேட்கவில்லை.

இப்போது வரிசை இல்லை. எல்லாம் போனுக்கே வருகிறது. டோல் பிடித்தது, வரிக் கெடு, புகைச் சான்று, எங்கோ ஒரு கேமரா எடுத்த படம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளப் பாலக்காட்டில் ஓர் ஏஜென்ட் வைத்திருந்தேன், உண்ணிகிருஷ்ணன் என்று. நல்ல மனுசன். வாய் மட்டும் சிக்கனம். பத்துச் சொல் தேவைப்படும் இடத்தில் ஒரு சொல் சொல்வான்.

போன சித்திரையில் எங்கள் பெரிய லாரிக்கு எஃப்.சி. எடுக்க வேண்டியிருந்தது. வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அதிகாரி ஓட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்துத் தரும் சான்று அது. குப்பண்ணன் மாரியம்மன் நோம்பிக்கு லீவில் இருந்தார். வண்டியை உண்ணியிடம் விட்டிருந்தோம், பிரேக்கைச் சரிபார்த்துக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

"உண்ணி, எஃப்.சி. என்னாச்சு?"

"கழிஞ்ஞு சாரே."

நல்லது என்று போனை வைத்துவிட்டேன். அந்த மலையாளச் சொல்லுக்கு, வேலை நடந்து முடிந்தது என்றும் அர்த்தம். கெடு தாண்டிப் போய்விட்டது என்றும் அர்த்தம். அறுபது வருசமாக இரண்டு பாசையிலும் பேசுகிறவன் நான். நல்ல அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னது மற்றது; வண்டியை இன்னும் காட்டவே இல்லை.

மறுநாள், நோம்பி முடிந்து வந்த குப்பண்ணன் வண்டியை எடுத்துவந்து, ஏலப்பாறைக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் சொன்னார்: "ஏனுங், பெடலு கொஞ்சம் எறங்குதுங்க."

"எஃப்.சி. முடிஞ்ச வண்டிய்யா. ஆபீசரே மிதிச்சுப் பாத்த பிரேக்கு. உன்ற காலுதான் நோம்பிச் சோத்துல கனமாயிருச்சு."

சிரித்துக்கொண்டே ஏறினார்.

உரத்தை இறக்கிவிட்டுத் தேயிலைத்தூள் ஏற்றித் திரும்பும்போது, மலை இறக்கத்தில், மூன்றாவது வளைவில் வண்டி போய்விட்டது. அவரும்.

அடக்கம் முடித்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் சிணுங்கியது. எங்கள் வண்டி டோல் கேட்டைத் தாண்டியதாகச் செய்தி. குப்பண்ணன் மலைக்குப் போகும்போது தாண்டியதற்குத் தாமதமாக வந்தது. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போயிருந்தேன்.

மலையடிவாரத்து ஸ்டேசனில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எஃப்.சி. கெடு தீர்ந்த வண்டி என்று டிரைவருக்குத் தெரியுமா? நான் தலையை ஆட்டினேன். பயம். வேறொன்றும் இல்லை. 'தெரிந்தே ஓட்டினார்' என்று எழுதிக்கொண்டார்கள். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களில் எல்லோரும் நம்பியது அது ஒன்றைத்தான். அதற்கு நான் வாயைக்கூடத் திறக்கவில்லை.

அந்தத் தாள் ஊருக்கு வந்தது. டீக்கடையில், லாரி ஸ்டாண்டில், குப்பண்ணன் தெரிந்தே ஓட்டினாராம் என்று பேச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் சம்சாரம் மயிலாத்தாள் முன்னால் போய் உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மிணி, அவனுக்குத் தெரியாது. எஃப்.சி. ஆயிருச்சுன்னு நாந்தான் சொன்னேன். பெடல் எறங்குதுன்னான். நாந்தான் கேலி பண்ணி அனுப்பிச்சேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அத்தனை நாளில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தாள்.

"அவரு பேரு கெடக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தலைமேல போட்டுக்கறீங்க. ஏனுங்கண்ணா, இந்த வயசுலயும் கதையா?"

"கதையில்ல அம்மிணி. இதா பாரு." எஃப்.சி. தாளை நீட்டினேன். கெடு தேதியைக் காட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "கல்யாணப் பத்திரிகையக் காட்டி வாளையார் தாண்டுனவரு நீங்க."

"உன்ற புருசன்மேல சத்தியமாச் சொல்றேன்."

"பூசணிக்காய்க்கும் அவருமேலதான் சத்தியம் பண்ணுனீங்க. அவரும் கூட நின்னு ஆமாமுன்னாரு."

தாள் என் கையிலேயே இருந்தது. காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அவள் அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி சூடுபண்ணி வந்து வைத்தாள். வைத்தவள் நிமிரவில்லை. குரல் மட்டும் மாறியிருந்தது.

"அண்ணா, நான் நம்பலீங்க. நம்பாமயே இருந்துக்கறேன். நம்பிட்டன்னா, நாளப்பின்ன நீங்க இந்த வாசப்படி ஏறுனா எனக்குக் காப்பி வெக்கக் கை வராதுங்க."

"அவன் பேரு?"

"அவரு எப்பிடி ஓட்டுவாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து அந்த ஸ்டேசனுக்குப் போனேன். லாரியில் போனால் இரண்டு டோல். பஸ்ஸில் ஏறினால் மனுசனுக்கு டோல் இல்லை. முன்னால் கொடுத்த வாக்குமூலம் பொய், மாற்ற வேண்டும் என்றேன். பெஞ்சில் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். மாற்றினால் கேஸ் உங்கள் மேல் வரும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். இந்தத் தடவை வாயைத் திறந்துதான் சொன்னேன்.

உண்ணியின் போன், அந்த ஒரு சொல், பெடல், நான் பண்ணிய கேலி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் தாளும் ஊருக்கு வரும். லாரி ஸ்டாண்டில் படிப்பார்கள். மயிலாத்தாளுக்கும் யாராவது படித்துக் காட்டுவார்கள். முதல்நாள் குடித்த காப்பியின் கசப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

போலீஸ்காரர் நிமிர்ந்து கேட்டார்: "கழிஞ்ஞோ?"

இல்லை என்றேன். குப்பண்ணன் யார், முப்பது வருசம் எந்தெந்த மலையில் எப்படி ஓட்டினார் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பூசணிக்காயை மட்டும் விட்டுவிட்டேன்.