அட்டவணையின் கடைசி வரி

விளம்பரத்துக்கென்று பதினைந்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்த நாள் முதல், சேலையூரில் அந்த வீட்டு மாடியறையில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. எப்சி இன்ஸ்டாகிராம் கட்சி. சரக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் குப்புராஜ், ஆட்டோவின் பின்புறத்தை மிஞ்சிய விளம்பரப் பலகை உலகில் இல்லை என்னும் கட்சி. சாராள், சபைக் காலண்டர் கட்சி. முடிவெடுக்கும் அதிகாரமும் சாராளிடமே இருந்ததால், மற்ற இரு கட்சிகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நவம்பர் முதல் ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், சபைச் செயலர் வேதசிரோமணியிடம் முழுத் தொகையையும் கொடுத்து, காலண்டரின் அடியில் விளம்பரம் அச்சிடும் கீழ்ப்பட்டையை வாங்கிவிட்டாள்.

அவர்கள் செய்வது கிறிஸ்துமஸ் நட்சத்திரம். மூங்கில் சட்டத்தில் மெழுகு ஏற்றிய துணியை இழுத்துத் தைத்து, உள்ளே விளக்கு வைத்தது. காகித நட்சத்திரம் தாம்பரத்து மழையில் இரண்டாம் நாளே கூழாகிவிடும். இது நனையும், சொட்டும், எரிந்துகொண்டே இருக்கும். இதை நம்பித்தான் சாராளின் நாத்தனார் எப்சி, கேளம்பாக்கத்து அலுவலக வேலையை விட்டு வந்திருந்தாள். அந்த அலுவலகம் இப்போது அவளை மீண்டும் அழைத்தது. நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இருநூறு நட்சத்திரங்களுக்கு முன்பதிவு வந்தால் இருப்பது, வராவிட்டால் போவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். எப்சி போனால் தொழிலும் போகும். மூங்கிலை வளைக்கத் தெரிந்த கை அவளுடையது. இதுவரை வந்த முன்பதிவு முப்பத்தொன்று.

“வருஷம் முழுக்க வீட்டுக்கு வீடு சுவத்துல தொங்கும்,” என்றாள் சாராள். “உன் இன்ஸ்டாகிராம் பதினஞ்சு செகண்டு.”

எப்சி மூங்கிலைக் கீழே வைத்தாள். “அண்ணி, காலண்டரை எப்ப குடுப்பாங்க?”

“எப்பவும் போலத்தான். டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி ஆராதனை முடிஞ்சு, கேக்கோட…”

சாராள் பாதியில் நின்றாள். இருபத்தைந்தாம் தேதிக்குள் விற்க வேண்டிய பொருளுக்கு முப்பத்தொன்றாம் தேதி விளம்பரம். அந்தக் காலண்டரை ஆண்டு தவறாமல் அதே இரவில், அதே வரிசையில் நின்று வாங்கியவள் அவள்.

எப்சி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு மட்டும் தெரிந்தது.

“அடுத்த வருஷ கிறிஸ்துமஸுக்கு யூஸ் ஆகும் அண்ணி.”

“செருப்பை மாட்டு. காலண்டரை இன்னைக்கு ஆறு மணிக்குத்தான் அச்சுக்கு அனுப்புறதா செயலர் சொன்னார்.”

கீழே குப்புராஜின் ஆட்டோ நின்றது. அதன் பின்புறத்தில், கம்பியால் கட்டி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, அவர்களுடைய நட்சத்திரம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“என்னண்ணா இது?” என்றாள் எப்சி.

“பேனர் போட மாட்டேன்னுட்டீங்க. அதான் சரக்கையே மாட்டிகினேன். ஓரம் கிழிஞ்ச பீஸுதான், நல்லதுல கை வெக்கல.” பிறகு சாராளைப் பார்த்தார். “இன்னாக்கா, மூஞ்சி பேஜாரா கீது?”

எப்சி இரண்டே வாக்கியங்களில் விஷயத்தைச் சொன்னாள். கேம்ப் ரோடு சிக்னல் வரையில் குப்புராஜ் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

“பொங்கலுக்குப் பட்டாசு விக்கிற மாறி கீதுக்கா!”

“ரோட்டைப் பாருங்கண்ணா,” என்றாள் சாராள்.

மழை பிடித்துக்கொண்டது. வேதசிரோமணியின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வானம் அதற்குள் இருண்டிருந்தது. தபால் துறையில் ஓய்வு பெற்ற அவர், வராந்தாவில் ஒரு தாளோடு போராடிக்கொண்டிருந்தார். கேரல் ரவுண்ட்ஸ் அட்டவணை. டிசம்பரில் பாடகர் குழு எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்லும் அந்தத் தாள், அடுத்த ஞாயிறே வீடுதோறும் போய்ச் சேரும்; எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறும்.

“ரசீது போட்டாச்சேம்மா, பணத்தைத் திருப்ப முடியாது,” என்றார், சாராள் வந்த விஷயத்தைச் சொன்னதும். “நானே இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். போன வருஷம் பெருங்களத்தூர்ல நடந்தது தெரியுமில்ல?”

தெரியாதவர் சபையில் இல்லை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற புது வீடுகளின் வரிசையில், இருட்டில் வீடு தெரியாமல், பாடகர் குழு தோத்தாத்ரி என்பவரின் வாசலில் நின்று நான்கு பாடல்களையும் ஜெபத்தையும் முடித்தது. அவர் கடைசிவரை கைகட்டி நின்று கேட்டு, காபியும் கொடுத்தனுப்பினார். இரண்டு வீடு தள்ளி, கேக்கோடு காத்திருந்த குடும்பம் வேதசிரோமணியிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சாராள் அட்டவணையைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“சார், அங்க நிக்கிற ஆட்டோ நம்பர் தெரியுதா?”

“இந்த மழையில ஆட்டோவே தெரியல. நட்சத்திரம்தான் தெரியுது.”

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“காலண்டர் பட்டையை வேற யாருக்காவது குடுங்க சார்,” என்றாள் சாராள் ஒரே மூச்சில். “எனக்கு இந்த அட்டவணையில கடைசி வரி போதும்.”

“அட்டவணையில விளம்பரமா? வழக்கமே இல்லையேம்மா.”

“விளம்பரம் இல்ல சார். வேண்டுகோள். உங்க வேண்டுகோள்.”

வேதசிரோமணி பேனாவின் மூடியைக் கழற்றினார். பெருங்களத்தூர்க் கேக் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். தம் கையாலேயே எழுதினார்: ‘பாடகர் குழு வீட்டை அடையாளம் காண, வாசலில் நட்சத்திரம் ஒன்றை எரியவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மழை தாங்கும் நட்சத்திரங்களுக்கு’ என்பதோடு நிறுத்தி, சாராளின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

“உள்ள வாப்பா, ஏன் நனையற?” என்று வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“நனையட்டும் சார்!” என்றார் குப்புராஜ். “இந்த சரக்குக்கு அதான விளம்பரம்!”

அடுத்த ஞாயிறு மதியம் ஒன்றே காலுக்கு முதல் அழைப்பு வந்தது. பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் எப்சி ஒரே கேள்வியைக் கேட்டாள்: “எங்க பார்த்தீங்க?” ஃப்ரிட்ஜில் என்றே பலரும் சொன்னார்கள், ஆட்டோவில் என்று பதினோரு பேர். அந்தப் பதினொன்றை குப்புராஜ் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது நினைவூட்டினார். மாடியறைச் சுவரில் முன்பதிவுக்கு ஒன்றாகப் போட்ட சாக்பீஸ் கோடுகள் நூறைத் தாண்டின, நூற்றைம்பதைத் தாண்டின. சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒருவருக்கும் நேரமில்லை.

நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றன. இரண்டு நாட்கள் ஓர் அழைப்பும் இல்லை. நவம்பர் முப்பதாம் தேதி காலையில் கேளம்பாக்கத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. எப்சி அதைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சாராள் எடுத்தாள்.

“பெருங்களத்தூர்லேந்து தோத்தாத்ரி பேசறேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுல உங்க அட்டவணையைப் பார்த்தேன். எனக்கு ஒரு நட்சத்திரம் வேணுமே.”

“சார், நீங்க…”

“நான் திருநீர்மலைப் பெருமாளைச் சேவிக்கறவன்தாம்மா. போன வருஷம் உங்க பசங்க வீடு தெரியாம வந்து நின்னு பாடினா. ரொம்ப நன்னா இருந்தது. இந்த வருஷமும் வரணும். நட்சத்திரம் இருந்தாத்தான் வருவாளாமே?”

“கண்டிப்பா வருவாங்க சார். நானே செயலர்கிட்ட சொல்லி உங்க பேரைச் சேர்க்கிறேன்,” என்றாள் சாராள். சொல்லிக்கொண்டே எப்சிக்கு ஒரு விரலைக் காட்டினாள்.

எப்சி சுவரில் கோட்டைப் போட்ட வேகத்தில் சாக்பீஸ் உடைந்தது. உடனே உட்கார்ந்து கேளம்பாக்கத்துக்குப் பதில் எழுதினாள். அனுப்பும் முன் சாராளிடம் காட்டினாள்: ‘தங்கள் அழைப்புக்கு நன்றி. வர இயலாமைக்கு வருந்துகிறேன்.’

சாராள் இரண்டு முறை படித்தாள்.

“வருந்துறதை எடுத்துடு,” என்றாள்.

எப்சி எடுத்துவிட்டு அனுப்பினாள்.