பென் டிரைவில் இன்னா இருந்தது

கம்ப்யூட்டர் செத்துப்போனால்தான் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும். மற்ற நாளில் தன்சீல் அகமது என்று ஒருவன் இந்த ஷூ கம்பெனியில் இருக்கிறான் என்பதே ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு சாம்பிள் ரூமிலிருந்து ஜெயசீலி அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, சிஸ்டம் ஆன் ஆகல. கருப்பாவே நிக்குது. மூணு மணிக்கு பார்ட்டி வர்றாங்க."

பார்ட்டி என்றால் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய குழந்தைகள் பூட்ஸின் பேட்டர்ன், அதாவது தோலை வெட்டும் அளவுப் படம், அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அக்கா பதினோரு வருஷம் தையல் லைனில் உட்கார்ந்தவர். கெஞ்சிக் கூத்தாடி பேட்டர்ன் வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது. தனியாகப் போட்ட முதல் பேட்டர்ன் இது. சொதப்பினால் மறுபடி லைனுக்குத்தான் என்று மேனேஜர் இஷ்தியாக் பாய் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"விண்டோஸ் போயிருக்கும்க்கா. புதுசா ஏத்திட்டா சரியாய்டும். உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆவாது," என்றேன். முதலில் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

விண்டோஸ் ஏற்ற பென் டிரைவ் வேண்டும். எங்கள் கம்பெனியில் அது லேசில் கிடைக்காது. முன்பு எவனோ ஒரு புண்ணியவான் டிசைனைக் காப்பி பண்ணி வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து போன், பென் டிரைவ் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாம்பிள் ரூமுக்கு நெட்டும் கிடையாது. மொத்தக் கம்பெனிக்கும் சீல் ஒட்டிய ஒரே ஒரு பென் டிரைவ், மேனேஜர் பீரோவில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்.

விண்டோஸை அதில் ஏற்றிக்கொள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகினேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது.

"இதுல ஏதாவது இருக்காக்கா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. சீக்கிரம் போடு."

சாம்பிள் ரூமுக்கு வந்தோம். பென் டிரைவிலிருந்து சிஸ்டம் எழுந்தது. அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனேன். எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்கும் இடம் வந்தது. பட்டியல் காலி. ரெஃப்ரெஷ் கொடுத்தேன். மறுபடியும் காலி. விண்டோஸ் போகவில்லை, ஃபைலெல்லாம் இருக்கும் டிஸ்க்கே போய்விட்டிருந்தது.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா மூச்சு விட்டுச் சிரித்தார்.

"போனா போவுது. எதுக்கும் இருக்கட்டும்னு திங்கக்கிழமையே ஒரு காப்பி போட்டு வெச்சேன். கம்பெனி பென் டிரைவுல..."

பாதியில் நிறுத்தினார். எதிரே கம்ப்யூட்டரில் சொருகியிருந்த பென் டிரைவ் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அவசரத்துல மறந்துட்டு நான்தானே ஒண்ணும் இல்லனு சொன்னேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். "என் வாயில மண்ணப் போட."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கேட்டது உண்மை. ஆனால் கேட்கும்போதே ஓகே அழுத்திவிட்டேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் எல்லாம் அழிந்துபோயிருந்தது. 'இருக்கு' என்று அவர் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

பென் டிரைவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தேன். உடைந்த ஃபைல்கள் நாலைந்து வந்தன, ஒன்றும் திறக்கவில்லை. சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரைப் பிரித்து டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி மாட்டினேன். காலி. வேறு ஒயர் போட்டேன். காலி. ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். நான் போகவில்லை. ஒரு மணி நேரமாகப் பக்கத்தில் அக்கா தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். தையல்காரிக்கு எதுக்கு இந்த ஆசை என்றார். அவளவள் தலையெழுத்து என்றார். ஸ்க்ரூ என் கையிலிருந்து ரெண்டு தடவை நழுவி விழுந்தது.

தொழுகை முடிந்து இஷ்தியாக் பாய் வந்தார். விஷயம் காதுக்குப் போயிருக்க வேண்டும், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பென் டிரைவ அழிச்சது யாரு?"

"நான்தான் பாய்," என்றார் அக்கா. "தம்பி கேட்டுச்சு. நான் ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

"திங்கக்கிழமையிலேர்ந்து லைனுக்குப் போய்டுங்க," என்று சொல்லிவிட்டுப் பாய் திரும்பினார்.

அக்கா தலையாட்டினார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"பாய், அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் ஓகே அடிச்சிட்டேன். தப்பு என்னுது."

பாய் நின்றார். முகம் சிவந்துவிட்டது. "நீ திங்கக்கிழமை என் ரூமுக்கு வா," என்றார். அப்புறம் அக்காவிடம், "பார்ட்டிகிட்ட ஒரு வாரம் டைம் கேக்குறேன். மறுபடி போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நன்றி சொல்வார், இல்லை அறைவார் என்று நினைத்தேன். ரெண்டும் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு மணி நேரமா என்னையே நான் திட்டினு இருந்தேனே, பக்கத்துலதானே இருந்த?"