தாளின் பின்பக்கத்தில் ஓர் இளவரசி

அரிசி களைந்த கையோடு ரேணுகாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுக் கதை எழுதிய தாளைக் காணோம்.

சும்மா தாளா அது? அவள் கணவன் காசிநாதன் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட கிராப் தாளில் அன்னமும் மயிலுமாக வரைவான். சரிவராததன் மூலையில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவான். அந்தக் கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில்தான் ரேணுகாம்பாள் சரித்திரக் கதை எழுதினாள். அதைப் படியெடுத்து, வேறு பெயரில், வாரப் பத்திரிகைக்குத் தபாலில் போடுவாள். தெருவே படிக்கிறது. எழுதுகிறவள் நாலாவது வீட்டில் சோறு வடிக்கிறாள் என்பதுதான் தெருவுக்குத் தெரியாது. காசிநாதனுக்கும்.

கதை இதுதான்: போரில் கணவனை இழந்த இளவரசியை, ஊர் வாயிலிருந்து காப்பாற்ற, பல்லவப் படைத்தலைவன் ஒருவன் மணக்கிறான். ஊருக்குத்தான் கல்யாணம். மாளிகைக்குள் அவரவர் அறை அவரவருக்கு.

கற்பனை என்றா நினைக்கிறீர்கள்? மூன்று வருஷத்துக்கு முன்பு, அறுபத்தெட்டில், ரிஜிஸ்தர் ஆபீஸில் விதவை ரேணுகாம்பாளின் பக்கத்தில் நின்று காசிநாதன் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு வேண்டியது வேளைக்குச் சோறும், பெண் பார்க்கச் சொல்லி நச்சரிக்கும் அத்தையிடமிருந்து விடுதலையும். அவளுக்கு வேண்டியது கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து தப்பிக்க ஒரு வாசல். "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், நீயும் கேக்காதே" என்று அன்றைக்கே பேச்சு. இன்றுவரை அவன் பாய் கூடத்தில், அவள் பாய் உள்ளறையில்.

நேற்று மத்தியானம் இளவரசி கேட்டுவிட்டாள். 'தங்கள் காலடியோசை கேட்காமல் என் விளக்கை அணைக்க முடியவில்லை. இது ஒப்பந்தத்தில் உண்டா, பிரபு?'

நேற்று வைத்து எழுதிய பெட்டிமேல் இப்போது ஒரே தாள்தான் கிடந்தது. மூலையில் பெருக்கல் குறி. பின்பக்கம் வெறுமை. நேற்று மூலையில் அவள் பார்த்த சிவப்பு, பார்டருக்குத் தீட்டிய நிறம்! நல்ல டிசைனின் முதுகில் எழுதிவிட்டாள். அதைத்தான் அவன் காலையில் சுருட்டிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்கு, முதலாளி துரைக்கண்ணு வீட்டுக்குப் போயிருக்கிறான். அந்த மனுஷனோ எந்தத் தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவர்.

பேச்சை மீறியவளை அவன் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மறுபடியும் கொட்டகைதான்.

நேரம் பார்த்து வந்தாள் பக்கத்து வீட்டுக் கமலாட்சி, கையில் பத்திரிகையோடு.

"ரேணு, படிச்சியா? இந்த வாரமும் தனித்தனி ரூம்புதாம்மா! படைத்தலைவன் கத்தி புடிக்கத்தான் லாயக்கு போல."

"எனக்கு ஏதுக்கா நேரம்?"

"எழுதுறவ வூட்லயும் இதே கதைதான் நடக்குதோ இன்னாவோ. இல்லாட்டி இவ்ளோ கரெக்டா எப்புடி எழுதுவா? இன்னாமா, மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு?"

"தலைவலிக்கா."

கமலாட்சி நம்பவில்லை. நம்புகிற வழக்கமும் அவளுக்கு இல்லை.

மூன்று மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. ரேணுகாம்பாள் சுவரோடு ஒட்டி நின்றாள். காசிநாதன் தாளை விரித்தான், எழுத்து மேலே தெரியும்படி.

"முதலாளி ஜன்னலாண்ட தூக்கிப் பாத்தாரு. பின்னால இன்னாய்யா எழுத்துன்னாரு. மளிகை லிஸ்டுன்னேன்."

அவன் தாளின் சுருட்டலை நீவிவிட்டான்.

"பக்கம் பூராவுமான்னாரு. பெரிய குடும்பம்னேன்."

"நான் வாலாஜாபாத் பஸ்ஸுக்குப் போயிடறேங்க" என்றாள். கொழுந்தன் வீடு அங்கேதான்.

"இரு. வர்ற வழியில மூணு தபா படிச்சேன். அந்தம்மா கேட்டுட்டா. அந்தாளு ஏன் தூணாட்டம் நின்னுக்கினு இருக்கான்?"

"அவரு இன்னா சொல்வாருன்னு... தெரியலைங்க."

காசிநாதன் தாள்கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவினான். குறி போடாத, கட்டங்கூட நிரப்பாத தாள். அதைக் கவிழ்த்து அவள்முன் வைத்தான்.

"உக்காரு. நான் சொல்றேன், எழுதிக்கோ."

அவள் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கமலாட்சியின் அம்மிச் சத்தம் சட்டென்று நின்றது.